எனக்குத் தமிழ் தெரியாமல் போன வருஷம்

ஜொகூர் பாரு பக்கம், ஸ்கூடாயில் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு வந்து பேசச் சொல்லி இரண்டு இளம் ஆசிரியைகள் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தலைப்பு, ‘சிறு குழந்தைகளுக்கு உளவியல் வழியில் ஆங்கிலம்’. ஒருத்தி மடிக்கணினியைத் திறந்து கலர் கலராக அம்புக்குறி போட்ட படங்களைக் காட்டினாள். இன்னொருத்தி, “டீச்சர், நீங்க வேலையில இருந்தப்ப எந்த தியரி யூஸ் பண்ணீங்க?” என்று கேட்டாள். நான் தேநீரை ஆற்றிக்கொண்டே, “ஒரு வருஷம் தமிழ் தெரியாத மாதிரி நடிச்சேன் லா, அதான் தியரி,” என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். பட்டறையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கும் உளவியல் பாடம் இருந்தது. மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று எழுதித் தேர்ச்சி பெற்றேன். பிறகு வேலை பார்த்த வருஷங்களில் இடைவேளை மணிக்கு எச்சில் ஊறியது எனக்குத்தான், பிள்ளைகளுக்கு அல்ல. பொந்தியானில் நீண்ட காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பாடத்தை ஆங்கிலத்தில் ஆரம்பிப்பேன், பிள்ளைகள் விழிப்பார்கள், தமிழில் முடிப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், எல்லோருக்கும் சம்பளம் வந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் இருக்கும்போது சிகாமட் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். கணவரும் வீடும் ஸ்கூடாயில். நான் சிகாமட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். பள்ளிக்குப் போன முதல் நாளே தலைமையாசிரியர் நாகலிங்கம் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

நாகலிங்கம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதே இல்லை. திட்ட வேண்டிய இடத்தில் குரலை இன்னும் தாழ்த்திக்கொள்வார். கடைசியில் நாம் மேசைமேல் குனிந்து காதைக் கொடுத்து நமக்கான திட்டை நாமே தேடி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தின மாதம்தான் மலாக்காவில் ஒரு ஓட்டலில் உளவியல் பயிற்சி முடித்து வந்திருந்தார். அதிலிருந்து ‘சைக்காலஜி’ என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. ஆள்காட்டி விரலால் நெற்றிப் பொட்டை இரண்டு முறை தட்டுவார், அவ்வளவுதான். கேண்டீனில் கறி தீர்ந்துபோனாலும் தட்டுவார். அலுவலகக் கிளார்க் நேரத்துக்கு வந்தால் அவர் கைமேல் நட்சத்திர ஒட்டுத்தாள் ஒட்டுவார். அந்த மனிதர் பேரன் பேத்தி எடுத்தவர், ஒட்டுத்தாளோடு மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

“டீச்சர், உங்களை இந்த ஊர்ல யாருக்காச்சும் தெரியுமா?”

“தெரியாது சார். நேத்துதான் வந்தேன்.”

“நல்லது. ரொம்ப நல்லது.” நெற்றியைத் தட்டினார். “பிள்ளைங்க ஏன் இங்கிலீஷ் பேச மாட்டேங்கறாங்க? டீச்சருக்குத் தமிழ் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும். தேவையே இல்லாதப்ப நாக்கு ஏன் வேலை செய்யணும்? ஆகவே, நாளையில இருந்து உங்களுக்குத் தமிழ் தெரியாது.”

எனக்குச் சுருக்கென்றது. நான் ஞாயிறு பத்திரிகைக்குச் சிறுகதை எழுதுகிறவள். கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் எதிரணியை அழ வைத்தவள். என்னைப் பார்த்துத் தமிழ் தெரியாது என்கிறாரே!

“சார், என் மூஞ்சியப் பாத்தா யாரு சார் நம்புவா? பொட்டு வச்சிருக்கேன், பூ வச்சிருக்கேன்.”

“பிள்ளைங்க நம்புவாங்க. முதலாம் ஆண்டுதானே, ஏழு வயசுப் பிள்ளைங்க.”

“மலாயும் தெரியாதுன்னு சொல்லணுமா?”

கொஞ்சம் யோசித்தார். “வேணாம். அரசாங்கத்துல சம்பளம் வாங்கறவங்க அப்படிச் சொன்னா பென்ஷனுக்கு ஆபத்து. கொஞ்சமா தெரியட்டும்.”

மறுநாள் காலை சபையில் என்னை அறிமுகப்படுத்தினார். “புது டீச்சர் வெளியூர்ல வளர்ந்தவங்க. பொந்தியான்ல இருந்து வந்திருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் வராது,” என்றார். ஒரு மணி நேரத்துக்குள் முதலாம் ஆண்டு முழுக்க ஒரு செய்தி பரவிவிட்டது. பொந்தியானில் தமிழே கிடையாதாம். நானூறு தமிழ்க் குடும்பங்களுக்கு மேல் எனக்கே தெரிந்த ஊர் அது.

தமிழ் தெரியாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரியாது. யாராவது பின்னால் தமிழில் கூப்பிட்டால் தலை திரும்பக் கூடாது. நகைச்சுவைக்கு உதடு துடிக்கக் கூடாது. காலைச் சபையில் தேவாரம் பாடும்போது வாய் தானாக அசையும். அதை அடக்க நாக்கைக் கடித்துக்கொள்வேன். மாலையில் கடைக்குப் போனாலும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே முருங்கைக்காயைக் காட்டி விரலை நீட்டிப் பேரம் பேசினேன். கேண்டீன் பாக்கியம் அக்காவுக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே, பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது, “இந்தம்மாவுக்கு நேத்து வச்ச சாம்பார ஊத்தினாலும் என்னான்னு கேக்கத் தெரியாது,” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நான் “தேங்க் யூ” என்று சொல்லி வாங்கிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை மாலை காரில் ஸ்கூடாய்க்குக் கிளம்பினால் லாபிஸ் தாண்டிய பிறகுதான் தமிழ்ப் பாட்டுப் போடுவேன். வீட்டுக்குப் போனதும் இரவு முழுக்க வாய் ஓயாமல் பேசுவேன். என் கணவர் இரண்டாவது மாதத்திலேயே, “அங்கயே இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்,” என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகளோ நாங்கள் நினைத்ததுபோல் ஆங்கிலத்தில் கொட்டவில்லை. முதலில் என்னைப் பற்றி என் முன்னாலேயே தமிழில் ஆலோசனை நடத்தினார்கள். என் மூக்கு பெரியது என்று முடிவானது. ஒரு பையன் என் பக்கம் நின்றான். “மூக்கு பெருசுதான், ஆனா நல்ல டீச்சர்,” என்றான். நான் புன்னகைக்கக்கூட முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “பாவம்டா, அவங்க அம்மா அவங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கல,” என்றாள் ஒருத்தி. அன்றைக்கு ஐந்தாறு பேர் தங்கள் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்தார்கள். தமிழ் தெரியாதவளுக்குப் பசிக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ஆனால் சாரின் தியரி ஒரு நாள் பலித்தது. திடலோரம் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் எழுந்து, “டீச்சர், பின்னால உடும்பு! உடும்பு!” என்று கத்தினார்கள். எனக்கு உடும்பென்றால் உயிர் போகும். ஆனாலும் திரும்பக் கூடாது. எனக்குத்தான் தமிழ் தெரியாதே. “வாட்?” என்று கேட்டேன், குரல் நடுங்க. பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் வகுப்புச் சுவரில் தொங்கும் ஆங்கில எழுத்துப் படத்தில் பார்த்த விலங்கை ஞாபகப்படுத்திக்கொண்டு, “குரோக்கடைல்! பிஹைண்ட்! டீச்சர் பிஹைண்ட்!” என்று அலறினான். ‘பிஹைண்ட்’ என்ற சொல்லைப் பல வாரமாக நான் சொல்லிக்கொடுத்துத் தோற்றிருந்தேன். இப்போது முறையாகத் திரும்பிப் பார்த்து, முறையாக ஓடினேன்.

நாகலிங்கம் சார் நெற்றியைத் தட்டித் தட்டிச் சிவக்க வைத்துக்கொண்டார். “பாத்தீங்களா டீச்சர்? தேவை!”

“அது கடிச்சிருந்தா சார்?”

“அப்பவும் இங்கிலீஷ்லதான் கத்தணும் டீச்சர்,” என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் தர்ஷினி இருந்தாள். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். பள்ளியில் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தமிழில்லை, மலாயில்லை, ஆங்கிலமில்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். அடிபட்டாலும் சத்தமில்லாமல் அழுவாள். அவள் அம்மா கலா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் பிள்ளை சித்தி வீட்டில். பள்ளியிலிருந்து மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதியாகிவிட்டது. ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் முன்னாலும் பேசாவிட்டால் தர்ஷினியைச் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றுவார்கள். அந்த வகுப்பு இருந்த பள்ளி வெகுதூரம். சித்திக்குக் காரோ மோட்டார் சைக்கிளோ கிடையாது. பிள்ளை வீட்டோடு நின்றுவிடும், அல்லது கலா வேலையை விட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

கலா ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். தர்ஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், வீட்ல இவ வாய் ஓயாது டீச்சர். சனிக்கிழமை நான் வந்து இறங்கினதுல இருந்து பேசிட்டே இருப்பா. இவளுக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஆபீசர்கிட்ட நீங்கதான் சொல்லணும்.” அழுதுவிட்டார்.

அவர் கையைப் பிடித்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் துடித்தேன். பக்கத்தில் தர்ஷினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டோன்ட் வொரி,” என்றேன். கலா கண்ணீரோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாகலிங்கம் சார் நடுவில் புகுந்து, “கவலைப்படாதீங்கன்னு டீச்சர் சொல்றாங்க,” என்று மொழிபெயர்த்தார். அன்று மாலை நானே கலாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நல்ல தமிழில் ஒரு பெண்குரல் ஆறுதல் சொல்வதைக் கேட்டு அவர் பயந்து, “யாருங்க நீங்க?” என்று இரண்டு முறை கேட்டார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். “பைத்தியக்காரப் பள்ளிக்கூடமா இருக்கே டீச்சர்,” என்றார். தர்ஷினியிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து, இடைவேளையில் வகுப்பில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி வெளியே போகாமல் என் மேசைக்கு வந்து நின்றாள். என் பாட்டிலைத் தொட்டாள்.

“தண்ணி,” என்றாள்.

அவள் குரலை அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பான குரல். ஏதாவது தவறாகச் செய்தால் அந்தக் குரல் திரும்ப உள்ளே போய்விடும் என்ற பயம். “டன்னி?” என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாகத் தமிழ் பேசியதில்லை.

அவள் தலையை ஆட்டி, வகுப்பில் நான் செய்வதுபோலவே ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “அகேன்,” என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இடைவேளையும் எனக்கு வகுப்பு. தண்ணி, சோறு, வா, போ, மழை. நான் சரியாகச் சொன்னால், “வெரி குட்.” தப்பாகச் சொன்னால், “நெவர் மைண்ட், குட் டிரை.” என் மேசை இழுப்பறையிலிருந்தே நட்சத்திர ஒட்டுத்தாளை எடுத்து என் கையில் ஒட்டுவாள். நான் வகுப்பில் பேசிய ஆங்கிலம் ஒரு சொல் விடாமல் அவளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நான் பாடம் நடத்தியபோதெல்லாம் அவள் மாணவியாக இல்லை, ஆசிரியையாக ஆவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள் போலும். அவள் ஏன் பேசினாள் என்று நான் ஒரு புத்தகத்திலும் தேடவில்லை. அந்தப் பள்ளியில் தன்னைவிட விவரம் தெரியாத ஓர் ஆளைக் கடைசியாகக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஆளைப் பார்த்து அவளுக்குப் பயமில்லை. ஆனால் வேறு யாராவது வகுப்புக்குள் வந்தால் உடனே வாய் மூடிவிடும். நாகலிங்கம் சார் கதவோரம் ஒளிந்து பார்க்க முயன்றார். அவர் செருப்புச் சத்தத்துக்கே பாடம் நின்றது.

அதிகாரி சொன்ன தேதிக்கு முந்தின நாளே வந்துவிட்டார். நாகலிங்கம் சார் அவரை முதலில் அறையில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, எங்கள் திட்டத்தை விளக்குவதாக இருந்தார். மனிதர் காரிலிருந்து இறங்கி நேராக என் வகுப்புக்குள் நுழைந்தார். உயரமான ஆள், மேடைப்பேச்சுத் தமிழ்.

தர்ஷினி முன்னால் குனிந்து, “உன் பெயர் என்னம்மா?” என்றார். பதிலில்லை. மலாயில் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார். அவள் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பிள்ளை எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது?”

தர்ஷினியின் கண் அவர் பொத்தானிலிருந்து என் முகத்துக்கு வந்தது. “ஸாரி?” என்றேன். பிறகு ஆங்கிலத்தில், அவள் பேசுவாள், என்னோடு தினமும் பேசுகிறாள் என்றேன்.

“தமிழில் சொல்லுங்கள். இது தமிழ்ப்பள்ளி.”

“ஸாரி சார், ஐ டோன்ட் நோ டமில்.”

அவ்வளவுதான். அவர் முகம் சிவந்துவிட்டது. நெற்றியில் பொட்டு, தலையில் பூ, வாயில் தமிழில்லை! நம் இனம் எங்கே போகிறது, பெற்ற தாயை மறந்தவர்கள் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத்தருவார்கள் என்று ஆரம்பித்தார். அதற்கு முந்தின வருஷம்தான் இதே கருத்தை நான் பட்டிமன்றத்தில் இதைவிட நன்றாகப் பேசியிருந்தேன். வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற நாகலிங்கம் சார் நெற்றியில் விரலை வைத்தார், ஆனால் தட்டவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தமிழ் வாக்கியம் சொன்னால் போதும், இந்த மனிதர் அடங்கிவிடுவார். சொன்னால் தர்ஷினிக்கு இந்தப் பள்ளியில் பேச இருக்கும் ஒரே ஆளும் இல்லாமல் போய்விடும். நான் கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கினேன். குரல் உயர உயரப் பிள்ளைகள் சுருங்கி உட்கார்ந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அது நடிப்பில்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தர்ஷினி எழுந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

“டோன்ட் ஸ்கோல்ட் மை டீச்சர்,” என்றாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார்.

“ஷீ ஸ்டில் லேர்னிங். யூ டாக் ஸ்லோலி. தென் ஷீ கேன்.”

“ஹூ இஸ் டீச்சிங் ஹர்?” என்று அவர் கேட்டார். தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

“மீ.” என்னிடம் திரும்பினாள். “டீச்சர், ஸ்டாண்ட் ஸ்ட்ரெயிட். சே.”

நான் நிமிர்ந்து நின்றேன். மாவட்ட அதிகாரி, தலைமையாசிரியர், முதலாம் ஆண்டு மாணவர்கள் அனைவர் முன்னிலையிலும், “டன்னி. ஸோறு. வா. போ. மளை,” என்று ஒப்பித்தேன். தர்ஷினி அவரை அண்ணாந்து பார்த்து, “ஸீ? குட் டிரை,” என்றாள். பிறகு என் கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அதிகாரி அங்கிருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவருக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள், கத்துவதை நிறுத்தியதற்காக.

தர்ஷினியை எங்கும் மாற்றத் தேவையில்லை என்று இலாகாவிலிருந்து முடிவு வந்தது. கூடவே எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாருவில் நடக்கும் அடிப்படைத் தமிழ்ப் பயிற்சிக்கு நான் கட்டாயம் போக வேண்டுமாம்.

“சார், இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க சார்!”

“சொன்னா, இலாகாவ ஏமாத்தினோம்னு ஆயிடும் டீச்சர். போயிட்டு வந்துடுங்க. அலவன்ஸ் உண்டு,” என்றார். அவர் சொன்னதைக் கேட்க நான் மேசைமேல் முழுக்கக் குனிய வேண்டியிருந்தது.

போனேன். தமிழ்ப்பள்ளிகளில் வேலை செய்யும் மலாய், சீன ஆசிரியர்களோடு உட்கார்ந்து ‘அம்மா இங்கே வா’ என்று எழுதினேன். சொல்லிக்கொடுத்த இளைஞர், எனக்கு மொழியில் இயல்பான திறமை இருப்பதாகவும், தொடர்ந்து முயன்றால் சிறுகதைகூட எழுதலாம் என்றும் ஊக்கப்படுத்தினார். முதல் ஆளாகத் தேறினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் பட்டேன்.

பள்ளி திறந்த நாள் திங்கட்கிழமை. தர்ஷினி வாசலிலேயே காத்திருந்தாள். “டீச்சர், பாஸ்?” என்றாள். “பாஸ்,” என்றேன். அவள் உள்ளே ஓடி, முழு வகுப்புக்கும் கேட்கும்படி, “டீச்சர் பாஸ் பண்ணிட்டாங்க! நான்தான் சொல்லிக் குடுத்தேன்!” என்று கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பேசிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்ததாகத் தெரியவில்லை.

அவள் தன் இடத்துக்குத் திரும்பியபோது கவனித்தேன், அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. விடுமுறை முழுக்க, விடுப்பெடுத்து வந்த அம்மாவோடு இருந்த பிள்ளை. நான் அவள் பக்கத்தில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை மாதம் அடக்கிவைத்த தமிழையெல்லாம் திரட்டிக் கேட்டேன்.

“அம்மா நேத்து சாயந்திரம் சிங்கப்பூருக்குக் கிளம்பிட்டாங்களா கண்ணு? ராத்திரி ரொம்ப அழுதியா?”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “டீச்சர், ரொம்ப வேகமா பேசறீங்க. மெதுவா பேசுங்க. தப்பா வந்தாலும் பரவால்ல,” என்றாள்.

நான் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன்.

இந்தத் தடவை அவள் முகம் கோணியது. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதபடியே, பஸ் நிலையத்தில் அம்மா கையை விட்டதிலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அன்று ஆங்கிலப் பாடம் நடக்கவில்லை.